தோட்டமும் அதைப் பேணும் கைகளும்

‘பாரடைஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், பழைய ஈரானிய மொழியில் மதில் சூழ்ந்த தோட்டத்தைக் குறித்தது. அத்தோட்டத்தை வாழ்நாளெல்லாம் சிந்தித்தவர் பார்ட்லெட் ஜியமாட்டி (1938-1989). அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் கற்பித்த இவர், 1978-இல், 40 வயதில், அதன் தலைவராகப் பொறுப்பேற்றார்.

மறுமலர்ச்சிக் காப்பியங்களில் மண்ணுலக இன்பவனம் பெறும் இடத்தைப் பற்றி 1966-இல் அவர் வெளியிட்ட நூல், தாந்தே முதல் மில்டன் வரை வரும் தோட்டங்களை ஆராய்கிறது. தாசோவும் ஸ்பென்சரும் படைத்த வனங்கள் அழகால் மயக்கி, வீரனைத் தன் கடமையை மறக்கச் செய்கின்றன. மெய்போலத் தோன்றுவதை மெய்யென்று கொள்வதே ஆபத்து என்பது அந்நூல் நமக்குத் தரும் தெளிவு. புலமையும் அறவுணர்வும் அதில் ஒன்றாய் இயங்குகின்றன.

இத்தெளிவு ஆட்சிப் பொறுப்பில் அவருக்குத் துணைநின்றதா? ஓரளவு நின்றது. பற்றாக்குறையில் இருந்த வரவுசெலவைச் சீர்செய்தார். 1981-இல் புதிய மாணவரிடம் பேசுகையில், சமயத்தின் பெயரால் தம் கருத்தைப் பிறர்மீது திணிக்க முயன்ற ‘மாரல் மெஜாரிட்டி’ இயக்கத்தைத் துணிந்து கண்டித்தார். பல்கலைக்கழகம் சுதந்திரமும் ஒழுங்கும் இணைந்த வெளி என்பதே அவரது கொள்கை.

ஆயினும் 1984-இல் எழுத்தர்களும் தொழில்நுட்பப் பணியாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பெண்கள் மிகுந்த பணிகளுக்கு ஊதியம் குறைவு என்பது அவர்தம் முறையீடு. பல வாரங்கள் நீடித்த போராட்டம், 1985 ஜனவரியில்தான் உடன்பாட்டில் முடிந்தது. தோட்டத்தின் அழகு மயக்கும் என எழுதியவர், அதைப் பேணும் கைகளின் குரலுக்குக் காலம் தாழ்த்தியே செவிசாய்த்தார். ஒழுங்கைக் காத்தவர், அவ்வொழுங்கு யாருடைய உழைப்பில் நிற்கிறது என்பதைப் போதிய அளவு எண்ணவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

1986-இல் யேலைவிட்டு அவர் பேஸ்பால் நிர்வாகத்திற்குச் சென்றதைப் பலர் வியந்தனர். நமக்கு அதில் வியப்பில்லை. ஆட்டக்களமும் விதிகள் காக்கும் ஒரு பசுந்தோட்டமே. 1989 ஆகஸ்டில், சூதாட்டக் குற்றச்சாட்டுக்கு உள்ளான புகழ்பெற்ற வீரர் பீட் ரோஸை ஆட்டத்திலிருந்து விலக்கினார். எட்டு நாள்களில், 51 வயதில், மாரடைப்பால் மறைந்தார்.

ஆதாம் ஏதேனில் வைக்கப்பட்டது அதனைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே என்கிறது தொடக்க நூல். ஜியமாட்டியின் ஆட்சியைவிட அவரது நூலே ஆழமானது என்போம். கல்விக்கூடங்களை நடத்துவோர் அந்நூலையும் அந்தப் போராட்டத்தையும் சேர்த்துக் கற்பது நன்று.