கைக்குத் தெரிந்த பாத்திரங்கள்: ‘ஃபிரீடம் பிளானட் 2’ குறித்து ஒரு திறனாய்வு



இந்தத் தலைப்பைப் பார்த்ததும் “இலக்கியப் பக்கத்துல கேம் எதுக்கு?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். என் படிவம் ஐந்து வகுப்பில் ஒரு மாணவன், ‘உனக்குப் பிடித்த கதைப்பாத்திரம்’ என்ற பயிற்சிக்கு ஒரு வீடியோ கேமில் வரும் லைலாக் என்ற பெண் டிராகனைப் பற்றி எழுதிக் கொடுத்தான். “லைலாக் தைரியசாலி. அன்பானவள். நட்புக்கு இலக்கணமானவள்.” அவ்வளவுதான். நாவல் கேள்விக்கும் நாடகக் கேள்விக்கும் நம் பிள்ளைகள் எழுதும் அதே மூன்று சொற்கள்! பாத்திரத்தின் பெயரை மட்டும் மாற்றினால் எந்தக் கதைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

“தைரியசாலின்னு எங்கடா பார்த்தே?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தவன், “சொல்லத் தெரியல சார். விளையாடினா தெரியும்” என்றான். அந்தப் பதில் என்னை விடவில்லை. பள்ளி விடுமுறையில் ஆட்டத்தை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை விளையாடிப் பார்த்தேன். என் விரல்களுக்கு வயதாகிவிட்டது என்பதையும் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில செய்திகள். ‘ஃபிரீடம் பிளானட்’ 2014ஆம் ஆண்டு கணினிக்கு வெளிவந்தது. அதை உருவாக்கியது ‘கேலக்ஸிடிரெயில்’ என்ற சிறிய அமெரிக்கக் குழு. பெரிய நிறுவனத்தின் தயவில் இல்லாமல் இப்படிச் சிறு குழுக்கள் செய்வதைத்தான் பசங்க ‘இண்டி கேம்’ என்கிறார்கள். 1991இல் சேகா நிறுவனம் வெளியிட்ட நீல முள்ளெலி ‘ஸோனிக்’ ஆட்டத்தின் ரசிகர் படைப்பாகத்தான் இதன் வேலை தொடங்கியது. பிறகு சீன ஓவியர் ஸியோ லிங் வரைந்த விலங்கு நாயகிகள் உள்ளே வந்தார்கள். ஆட்டமும் இரவல் உலகத்தை விட்டுவிட்டுத் தனக்கென ஓர் உலகத்தை அமைத்துக்கொண்டது. அதன் இரண்டாம் பாகம் 2022 செப்டம்பரில் கணினிக்கும், 2024 ஏப்ரலில் நிண்டெண்டோ சுவிட்ச் முதலான கருவிகளுக்கும் வெளிவந்தது. நான் பேசப்போவது இந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி.

வகையால் இது ‘பிளாட்ஃபார்மர்’. இடமிருந்து வலமாக ஓடி, பள்ளங்களைத் தாண்டி, மேடைகளில் ஏறி, எதிரிகளை அடித்து, கட்டத்தின் முடிவைச் சேர வேண்டும். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். நிறங்களும் கண்ணைப் பறிக்கும். ‘டிராகன் வேலி’ என்ற முதல் கட்டத்தின் பசுமையும், ‘ஃபீனிக்ஸ் ஹைவே’ சாலையின் நகர விளக்குகளும் கணினி தானாக வரைந்தவை அல்ல. சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கையால் வரைந்தவை. ஓடுகிற ஓட்டத்தில் பாதியைக் கவனிக்கவே முடியாது என்பது வேறு விஷயம்.

என் மாணவன் சொல்லத் தெரியவில்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்தில் நான்கு நாயகிகள். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் பெரும்பாலும் அதே கட்டங்கள்தான். அதே மேடைகள், அதே எதிரிகள். ஆனால் நான்கு பேருக்கும் அது ஒரே இடமாக இல்லை.

லைலாக்குக்கு ‘டிராகன் பூஸ்ட்’ என்றொரு பாய்ச்சல் உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் அம்பு மாதிரி பாய்வாள்; சுவரில் பட்டால் தெறித்து வேறு திசையில் போவாள்.  ஒவ்வொரு பாய்ச்சலும் ஆற்றலைத் தின்னும். அது மறுபடி நிறையும்வரை அவள் சாதாரண ஓட்டக்காரிதான். அப்படியானால் லைலாக்காக விளையாடும்போது உங்கள் கை எதைக் கற்றுக்கொள்கிறது? முன்னால் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாமலே முடிவெடுக்க. மாணவன் எழுதிய ‘தைரியசாலி’ இதுதான். அவனுக்கு அது தெரிந்திருந்தது, விரலில். சொல்லுக்குத்தான் வரவில்லை.

கேரல் ஒரு பச்சைக் காட்டுப்பூனை. வாய்த்துடுக்கு அதிகம். அவளிடம் ஒரு வட்டத் தகடு உண்டு. அதை எறிந்துவிட்டு, தகடு இருக்கும் இடத்துக்கே தாவிப் போய்ச் சேர்ந்துவிடுவாள். சுவரில் தொற்றித் தொற்றி ஏறுவாள். வழியில் எரிபொருள் கிடைத்தால் மோட்டார் சைக்கிளையே வரவழைத்துவிடுவாள். லைலாக் பாதையோடு போகிறவள் என்றால், கேரலுக்குப் பாதை என்ற பேச்சே கிடையாது, குறுக்குவழி ஒன்றுதான். கதைக்காட்சியில் அவள் பேசும் கிண்டலை எல்லாம் நீக்கிவிட்டாலும், அவள் எப்படிப்பட்ட ஆள் என்று பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

மில்லா எல்லாரிலும் இளையவள். நீண்ட காதுடைய பாசெட் இன நாய்க்குட்டி. அந்தக் காதுகளைப் படபடவென்று அடித்துக் காற்றில் கொஞ்ச நேரம் மிதப்பாள். பச்சை நிறக் கட்டி ஒன்றை மாயமாக வரவழைத்து எறிவாள். அடிப்பதற்கு முன்னால் கட்டியை உருவாக்க வேண்டும். அதற்கு ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணத் தயக்கத்தில்தான் மில்லா இருக்கிறாள். லைலாக் ஒரே பாய்ச்சலில் கடந்த பள்ளத்துக்கு மேலே மில்லா மிதக்கும்போது, கீழே என்ன இருக்கிறது என்று முதன்முதலாகப் பார்த்தேன். வேகமாகப் போனவளோடு போனபோது பின்னணியாக மட்டுமே இருந்த இடம், மெதுவாகப் போனவளோடு போனபோது இடமாகவே தெரிந்தது. நோக்குநிலை என்றால் என்ன என்று விளக்க நான் இத்தனை வருடமாகக் கரும்பலகையில் வட்டம் போட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருநாளும் சொன்னதில்லை.

நான்காமவள் நீரா என்ற பாண்டா. முதல் பாகத்தில் நாயகிகளை நம்பாத அரசு அதிகாரியாக வந்தவள். அவளை இரண்டாம் பாகத்தில் நம் கையில் கொடுத்தது துணிச்சலான முடிவு. கைத்தடியும் பனிவித்தையுமாக, அளந்து அளந்து அடிப்பவள். அவளாக விளையாடிவிட்டு முதல் பாகத்தை நினைத்துப் பார்த்தால், அன்று எரிச்சலூட்டிய அந்தக் கண்டிப்பு வேறு மாதிரி தெரிகிறது. தொடர்ச்சிக் கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பழைய பாத்திரத்துக்குப் புதுக் குணம் ஏதும் ஒட்டவைக்காமல், நாம் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

உத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸோனிக்கில் வேகமாக ஓடிக்கொண்டே இருப்பீர்கள். திடீரென எதிரி மேல் மோதினால் சேர்த்த வளையங்கள் எல்லாம் சிதறிப்போகும். ஓடச் சொல்லிவிட்டு, ஓடியதற்குத் தண்டனையும் தரும் ஆட்டம் அது. ஃபிரீடம் பிளானட்டில் எதிரியின் உடலைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. அவன் அடித்தால்தான் காயம். சின்ன மாற்றம்தான், ஆனால் ஆட்டத்தின் மனநிலையே மாறிவிடுகிறது. பயமில்லாமல் ஓடலாம். இரண்டாம் பாகம் இதோடு ஒரு தடுப்பு பட்டனையும் சேர்த்திருக்கிறது. அடி விழும் அதே நொடியில் அழுத்தினால் தப்பிக்கலாம். கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியை, பசங்க மொழியில் ‘பாஸ்’, வெல்ல வேண்டுமென்றால் அவன் அசைவைப் படித்தே ஆக வேண்டும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த உங்களை ஆட்டம் நிற்கவைத்து, எதிராளியைக் கவனிக்கச் சொல்கிறது. நல்ல உத்தி.

இவ்வளவு பாராட்டிவிட்டேன். இனிக் குறை.

இந்த ஆட்டம் ஓடும்போது பேசுவது போல, நின்று பேசும்போது பேசுவதில்லை. ‘அட்வெஞ்சர்’ முறையில் கட்டங்களுக்கு நடுவே குரல் நடிப்போடு நீண்ட உரையாடல்கள் வரும். முதல் பாகத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. ஆரம்பத்தில் ஓர் அரசன் தன் மகன் முன்னாலேயே கொல்லப்படுவான். சிறிது நேரத்தில் பூனையும் டிராகனும் சிரித்துக் கும்மாளமிடுவார்கள். பிற்பகுதியில் அதே டிராகன் மின்சாரத்தால் சித்திரவதை செய்யப்படுவாள். நகைச்சுவைக்கும் கொடூரத்துக்கும் இடையில் பாலம் போட மறந்த கதை. இரண்டாம் பாகம் இதில் எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் கையில் ஏற்கெனவே தெரிந்துவிட்ட குணத்தை வாயால் மறுபடி சொல்லும் காட்சிகள் பல. “நாம ஒண்ணா இருந்தா ஜெயிக்கலாம்” என்ற ரகம். விளையாடியவருக்கு அது எதற்கு?

பெரிய குறை மெர்கா. இரண்டாம் பாகத்தின் எதிர்ப்பாத்திரம் இவள். நெடுங்காலம் படிகச் சிறையில் கிடந்து விடுபட்ட நீர் டிராகன். முதல் பாகத்தின் வில்லன் பிரெவன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த கொள்ளைக்காரன். அவனை அடிப்பதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை. மெர்கா அப்படியல்ல. அவளுடைய இனத்துக்கு அநீதி நடந்திருக்கிறது. அவளது கோபத்துக்குக் காரணம் இருக்கிறது என்று கதையே ஒப்புக்கொள்கிறது. அவள் நம்பியிருக்கும் பேராயுதத்துக்கு ‘பகுனாவா’ என்று பெயர். பிலிப்பைன்ஸ் மக்களின் பழங்கதையில் நிலவை விழுங்கும் பெரும்பாம்பின் பெயர் அது; பாத்திரங்களைத் தட்டிச் சத்தமெழுப்பி அதை விரட்டுவார்களாம். ராகு நிலவை விழுங்கிய கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பெயரின் கனம் சட்டென்று புரியும். கதை இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

பிறகு என்ன நடக்கிறது? கடைசிச் சண்டை. நம் கையில் இருப்பவை அடிக்கும் பட்டனும் தடுக்கும் பட்டனும்தான். நான்கு நாயகிகளின் மனத்தை அசைவாலேயே சொன்ன ஆட்டம், மெர்காவின் துயரத்தை மட்டும் வசனத்திடம் விட்டுவிட்டது. அசைவில் அவள் இன்னொரு பாஸ். அழகான பாஸ், கடினமான பாஸ், நான் பலமுறை தோற்ற பாஸ், அதற்குமேல் ஒன்றுமில்லை. நியாயமான ஒரு குறையைக் கேட்டுவிட்டு, கேட்டதற்கு எந்த மாற்றமும் இல்லாமல் அடித்து முடிக்கிறோம். வென்ற பிறகு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அந்தச் சங்கடம் ஆட்டம் திட்டமிட்டுத் தந்ததா, தானாக வந்ததா என்று யோசித்தேன். திட்டமிட்டிருந்தால் அதைக் கையில் உணர ஓர் இடமாவது வைத்திருப்பார்கள் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் எழுதலாம்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவனிடம் மறுபடி எழுதச் சொன்னேன். இம்முறை ஒன்றரைப் பக்கம் வந்தது. “கேரல் பொறுமை இல்லாதவள். மற்றவர்கள் சுற்றிப் போகும் இடத்தில் அவள் தகட்டை எறிந்து நேரே போவாள்” என்று ஒரு வரி. பண்பு ஒன்று, அதற்குச் சான்று ஒன்று. நாவல் கேள்விக்கும் நாம் இதைத்தானே கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றுகிறோம்? ஆனால் மெர்காவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அவங்கள நான் விளையாடவே இல்லையே சார்” என்றான். நான் இரண்டு பத்தியில் சொன்னதை அவன் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

வகுப்பில் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு: ‘கிளாசிக்’ முறையைத் தேர்ந்தெடுங்கள்; கதைக்காட்சிகள் குறுக்கே வராது. டிராகன் வேலியை முதலில் லைலாக்கோடும் பிறகு மில்லாவோடும் ஒரு மாணவர் விளையாட, மற்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். பண்பைக் குறிக்கும் பெயரடை எதையும் எழுதக்கூடாது, செயலை மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பண்பை அடுத்த பாடவேளையில் அந்தக் குறிப்பிலிருந்து எடுக்கலாம். முதல் பாகத்தைக் கீழ்ப்படிவ வகுப்புகளில் காட்டுவதாக இருந்தால், மேலே சொன்ன கொலையும் சித்திரவதையும் வரும் இடங்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரை யாரிடம் முதலில் கொடுப்பது என்ற சண்டையை மட்டும் நீங்களே தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.