அணுவின் வரலாறும் தமிழ்க் கலைச்சொற்களும்

1. சொல்லும் பொருளும்

அறிவியலில் கருத்து வளரும்போது அதன் பெயரும் உடன் வளர்வதில்லை. 'ஆட்டம்' என்பது பிளக்க இயலாதது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 1938-இன் இறுதியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தில் கண்ட விளைவு அணுக்கருவின் பிளவே என 1939-இல் மைட்னரும் ஃபிரிஷும் விளக்கிய பின்னரும் அப்பெயர் நீடிக்கிறது. எனவே அணுவின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர்க்கு ஒரு சொல்லுக்கு ஒரு நிகரன் என்னும் விதி மட்டும் போதாது. எந்த ஆண்டில் எவர் வாயில் அச்சொல் எதைக் குறித்தது என்பதும் கருதத்தக்கது. இன்றைய கலைச்சொல்லை அன்றைய கருத்தின்மேல் ஏற்றி எழுதும் வழக்கத்தையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. அணுவும் மூலக்கூறும்

டால்ட்டன் 1808-இல் வெளியிடத் தொடங்கிய நூலில், தனிமத்தின் கடைசித் துகளைப் போலவே நீரின் கடைசித் துகளும் அணு எனப்பட்டது. பின்னதை அவர் 'கூட்டணு' என்னும் பொருள்பட வேறுபடுத்தினார். அவகாட்ரோ 1811-இல் அணு என்னும் சொல்லைத் தவிர்த்து, 'மாலிக்யூல்' என்பதையே வெவ்வேறு அடைமொழிகளுடன் ஆண்டார். இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கவே 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலார் கூடினர். இவ்விரு சொற்களின் வரையறை அம்மாநாட்டின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று. அங்கு வழங்கப்பட்ட கனிசாரோவின் சிறுநூலே அவகாட்ரோவின் கருத்து பரவத் துணைசெய்தது.

டால்ட்டனின் கூட்டணுவை 'நீர் மூலக்கூறு' எனத் திருத்திப் பெயர்ப்பது எளிது. ஆயின் அவ்வாறு செய்தால் அரை நூற்றாண்டுக் கால வழக்காடல் மறைந்துவிடும். மாநாடு எதற்காகக் கூடியது என்பது படிப்பவர்க்கு விளங்காமற் போகும்.

இந்திய மொழிகளுக்குள்ளும் இச்சிக்கல் உண்டு. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றில் ஆட்டம் 'பரமாணு' எனவும் மாலிக்யூல் 'அணு' எனவும் வழங்கும். மராத்தியில் முன்னது 'அணு', பின்னது 'ரேணு'. தமிழில் முன்னது 'அணு', பின்னது 'மூலக்கூறு'. பிரிக்கவியலா இறுதித் துகளைப் பரமாணு என்பது வைசேடிக மரபு. இந்தியிலிருந்தோ தெலுங்கிலிருந்தோ பெயர்ப்போர், ஒலி ஒப்புமையை நம்பி அணுவை அணுவாகவே விட்டுவிட்டால், தமிழ் வாக்கியம் பிழையின்றி அமையும், வேதியியல் பிழைபடும். இலக்கணம் காட்டிக்கொடுக்காத பிழை ஆதலின் இது கூடுதல் கவனத்துக்குரியது.

3. மின்னணு என்னும் பெயர்

மின்சாரமும் அணுக்கள் போன்ற அடிப்படைக் கூறுகளாக அமைந்தது என்னும் கருத்தை 1881-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்வைத்தார். மின்னூட்டத்தின் அவ்வலகுக்கு 1891-இல் ஸ்டோனி இட்ட பெயரே 'எலக்ட்ரான்'. 1897-இல் தாம்சன் ஆராய்ந்ததோ அணுவினும் மிகச் சிறிய பொருட்கூறு. அதனை அவர் எலக்ட்ரான் என்னாது, 'நுண்துகள்' எனப் பொருள்படும் வேறொரு சொல்லால் குறித்தார்.

'மின்னணு' என்னும் தமிழாக்கத்தை இப்பின்னணியில் மதிப்பிட வேண்டும். மின்சாரத்தின் அணு என விரித்தால் அது ஸ்டோனியின் கருத்துக்கு நன்கு பொருந்தும். தாம்சனின் கருத்துக்கு அது பொருந்துவதில்லை; முழுமையின் பெயரை அதன் உறுப்புக்குச் சூட்டியதாகிறது. தமிழகப் பாடநூல்கள் 'எலக்ட்ரான்' என்பதையும் இலங்கை வழக்கு 'இலத்திரன்' என்பதையும் கொண்டமையால் இம்முரண் பெரிதும் நீங்கியது. 'மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்' என்பதுபோல அடைமொழியாக நிற்குமிடத்தில் மின்னணு இடரின்றி வழங்குகிறது.

4. கருவும் பாதையும்

அணுவின் நேர்மின்னூட்டம் மிகச் சிறிய நடுப்பகுதியில் செறிந்திருப்பதாக ரூதர்போர்டு 1911-இல் விளக்கிய கட்டுரை, 'மைய மின்னூட்டம்' என்றே பேசுகிறது. கரு என்னும் உருவகம் அடுத்த ஆண்டே அவரிடம் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் உயிரணுவின் நடுவுக்கும் அணுவின் நடுவுக்கும் ஒரே சொல் வழங்க, தமிழ் உட்கரு, அணுக்கரு என இரண்டாக்கியது ஆக்கத்தின் சிறப்பு. அச்சிறப்பையும் 1911-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பெயர்ப்பில் புகுத்தலாகாது.

போர் 1913-இல் எலக்ட்ரான்களுக்கு வரையறுத்த சுற்றுப்பாதைகளைக் கூறினார். 1926-இல் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடும் அதற்குப் போர்ன் தந்த நிகழ்தகவு விளக்கமும் பாதை என்னும் கருத்தையே அசைத்தன. 1932-இல் முல்லிகன் 'ஆர்பிட்டால்' என்னும் சொல்லை ஆக்கியது இவ்வேறுபாட்டைக் காட்டவே. அதனைத் தமிழில் 'சுற்றுப்பாதை' என்றால், புதிய சொல் எதை மறுக்கப் பிறந்ததோ அதனையே அது மீண்டும் கூறும். ஒலிபெயர்ப்பு இங்குத் தேவையின்பாற்பட்டது.

5. முடிவு

பொருள் விளங்கும் ஆக்கச்சொல் கற்போர்க்கு உதவும். அவ்விளக்கம் பின்வந்த அறிவோடு முரணும்போது தடையாகும். கிரேக்க மூலம் மறக்கப்பட்டதாலேயே 'ஆட்டம்' தன் முரணோடு நிலைத்தது. தமிழ்ச்சொற்களின் உறுப்புகள் இன்றும் பொருள் தருவனவாதலின் அத்தகைய மறதி அவற்றுக்கு எளிதன்று. ஆகவே இன்றைய அறிவியலை எழுதுமிடத்து இன்றைய கலைச்சொல்லும், வரலாற்றை எழுதுமிடத்து அவ்வக்காலச் சொல்லும் ஆளப்படுதல் வேண்டும். இவ்விரண்டும் கலந்தால் அணுவின் வரலாறு விடைகளின் பட்டியலாகச் சுருங்கும். அவ்விடைகளைப் பிறப்பித்த வினாக்கள் தமிழில் பதிவாகாமற் போகும்.