விறகடுப்பில் குக்கர்: கொடியடுப்புக்காக ஒரு வாதம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கிராமங்களுக்கு காஸ் அடுப்பு வந்து வெகு நாளாயிற்று. 2006இல் அமைந்த மாநில அரசு இலவசமாகக் கொடுத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடர்ந்தது. ஆனாலும் 14.2 கிலோ சிலிண்டரை இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டிய வீடுகளில், பருப்பும் கறியும் வேகிற வேலை கொல்லைப்புற விறகடுப்புக்குத்தான் போகிறது. சவுக்குத் தோப்பு வெட்டினால் மிலார் கிடைக்கும்; பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கட்டை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த பலாவும் முந்திரியும்கூட விறகாகத்தான் போயின. அந்த அடுப்பின் மேல் இன்று மண்சட்டி இருந்த இடத்தில் அலுமினிய குக்கர் உட்கார்ந்திருக்கிறது.

“குக்கர் காஸுக்குத்தான், விறகுக்கு ஆகாது” என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. 1679இல் லண்டனில் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதன் முன்னோடிப் பாத்திரத்தைச் செய்து எலும்பை மிருதுவாக்கிக் காட்டியது கரி நெருப்பில்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கரின் வெயிட் ஆவியை அடக்குவதால் உள்ளே சூடு 120 டிகிரி வரை ஏறுகிறது. ஊறவைத்த கொண்டைக்கடலையோ முற்றல் ஆட்டுக்கறியோ சட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கும். குக்கரில் அரைமணிக்குள் முடிந்துவிடும். அடுப்பைக் குனிந்து ஊதுகிறவளின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் அந்த நேரம் மிச்சம். இந்தப் பழக்கத்தின் பெரிய நியாயம் அதுதான். விறகு மிச்சமாவது அதற்கு அடுத்ததே.

சோற்றுக்கு இந்த நியாயம் அவ்வளவாகப் பொருந்தாது. அரிசி சட்டியிலேயே சீக்கிரம் வெந்துவிடும். வடித்த கஞ்சி மாட்டுக்கோ மனிதருக்கோ உதவும். அதற்காகக் குக்கரைத் தீயில் ஏற்றி அடியைக் கரியாக்கிக்கொள்வது தேவையில்லாத வேலை.

சிக்கல் முதல் விசிலுக்குப் பிறகு தொடங்குகிறது. வெயிட் எழும்பியதும் குக்கருக்கு வேண்டியது சிறுதீ மட்டுமே. அதற்கு மேல் எரிகிற தீ பருப்பை வேகமாக வேகவைக்காது. தண்ணீரை ஆவியாக்கி வெளியே தள்ளும், அவ்வளவுதான். காஸில் குமிழைத் திருப்பினால் தீ அடங்கும். சவுக்குக் கட்டையோ தன் போக்கில்தான் எரியும். விசில் ஓயாமல் அடிக்க, எண்ணிப் பார்த்து இறக்கும் வழக்கமே பயனற்றுப் போகிறது. தண்ணீர் சுண்டி அடிபிடித்தால், சேஃப்டி வால்வில் உள்ள உலோகம் உருகி ஆவியை விடவேண்டிய நிலை வரும். முந்திரிக்கொட்டை ஓட்டைப் போட்டு எரிப்பது இன்னும் மோசம்: அதிலுள்ள எண்ணெய் குபீரென்று பற்றிக்கொள்ளும், புகையும் கண்ணைக் கரிக்கும்.

இன்னொரு கெடுதல் வெளியே தெரிவதில்லை. பழைய மண் அடுப்பின் வாயைச் சுற்றி மூன்று குமிழ்கள் இருக்கும். உருண்டை அடிச் சட்டி நிற்க அவை வேண்டும். தட்டை அடிக் குக்கரை அதே குமிழ்மேல் வைத்தால், இடைவெளி வழியே சுவாலை பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியையும் கேஸ்கட்டையும் நக்கும். கைப்பிடியின் பேக்கலைட் உருகாது. கருகி விரிசல் விடும். வெளிமூடிக் குக்கரில் கேஸ்கட் விளிம்பில் இருப்பதால் சீக்கிரம் விறைத்து ஆவி கசியும். அடியில் மண்ணையோ சாம்பலையோ குழைத்துப் பூசுவது கரியைக் கழுவ உதவும். இந்தச் சூட்டை அது தடுக்காது.

பழைய தோசைக்கல்லை அடுப்பில் போட்டு அதன்மேல் குக்கரை வைப்பவர்கள் உண்டு. சூடு சீராகப் பரவும், கரியும் படியாது. ஆனால் கல் சூடேறவே விறகு போகும், மிச்சம் பிடிக்க வந்த காரியம் பாதியில் நின்றுவிடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் செய்த லெக்கோ கட்டிகள் எரிந்த அடுப்புகளில் புகையில்லாத நிதானமான சூடு இருந்தது. அந்த வகையில் குக்கருக்கு அதுவே பொருத்தம். ஆனால் மூடிய அறையில் அதன் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லக்கூடியது.

என் பார்வையில் சரியான விடை நம் அடுப்பிலேயே இருக்கிறது. பெரிய வாயில் ஏற்றி முதல் விசில் வந்ததும் குக்கரைக் கொடியடுப்புக்கு, அதாவது பெரிய வாயோடு இணைந்த பக்கத்துச் சிறு வாய்க்கு, மாற்றிவிட வேண்டும். அங்கே வருவது மீந்த சூடு, குக்கர் கேட்கும் சிறுதீ அளவு. பெரிய வாயில் அதற்குள் குழம்பு ஏறிவிடும். மாற்றும் அந்த நேரம்தான் ஆபத்து: அழுத்தத்தோடு கனக்கும் பாத்திரம், கருகிய கைப்பிடி, கீழே கனல். இரண்டு கையிலும் தடித்த துணி வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் விறகை இழுத்துவிட்டால் மட்டும் போதாது, மண் சூட்டை விடாது. குக்கரைத் தரையில் இறக்கி, ஆவி தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும்.

பொங்கலுக்கு முன் அடுப்பைப் புதிதாகப் போடும் வீடுகளில், பெரிய வாயின் குமிழ்களைத் தணித்து வைப்பதற்குக் காசு செலவில்லை. புகை போகக் கொஞ்சம் இடைவெளி விட்டு, மண் ஈரமாக இருக்கும்போதே வீட்டுக் குக்கரின் அடியை வைத்து அளவு பார்த்துக்கொள்ளலாம்.