வாடைக் காற்றும் வானொலி விமானமும்

தைத் திங்கள் முதல் நாள் பிற்பகலில், பொங்கற் பானையை இறக்கி வழிபாடு முடித்தபின், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை என்னும் ஊர் உதயசூரியன் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும், ஊன்றுகோலோடு வந்த முதியோரும், அயலூர்களிலிருந்து திரண்ட ஜனங்களும் மணலில் இடம்பிடித்து நிற்க, இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து தூக்கிவரும் பெரும் பட்டங்கள், கப்பலாகவும் விமானமாகவும் பறவையாகவும் பாம்பாகவும் உருக்கொண்டு, வாடைக் காற்றில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. அதே தினத்தில் அகமதாபாத்திலும் பட்டத் திருநாள்தான். 1989 முதல் அங்கே சர்வதேசப் பட்ட விழாவும் நடந்துவருகிறது. ஆயினும் அகமதாபாத்தின் மொட்டைமாடிகளில் நடப்பது ஒருவகை யுத்தம். எதிராளியின் நூலை அறுப்பவனே அங்கு வீரன். வல்வெட்டித்துறையிலோ ஒருவன் நூலை இன்னொருவன் அறுப்பதில்லை. என்ன செய்து கொண்டுவந்தாய், அது ஏறுகிறதா, ஏறியபின் அதன் உறுப்புகள் அசைகின்றனவா என்பவையே அங்கு நடுவர்களும் கேட்கும் கேள்விகள், மணலில் நிற்கும் பாட்டிமாரும் கேட்கும் கேள்விகள்.

எங்கள் கொங்கு நாட்டில் இதற்கு நிகராக நான் வைத்துப் பார்ப்பது சிறுவர்களின் காகிதப் பட்டத்தை அன்று. கோவையின் கல்லூரி இளைஞர்களும் பட்டறைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை விடியலில், காற்று எழுவதற்கு முன்னர், ஊருக்குப் புறத்தேயுள்ள வெட்டவெளிகளுக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிடுகிறார்களே, அந்த வானொலி மாதிரி விமானங்களையே நிகராக வைக்கிறேன். அன்னூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளும், மனை பிரித்துத் தார்ச்சாலை போட்டு இன்னும் வீடெழாமல் கிடக்கும் சைட்டுகளும் இந்த வித்தைக்கென்றே அமைந்தவை போன்றவை.

பட்டத்தையும் விமானத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். தாராளமாக நிறுக்கலாம். பட்டத்தின் சட்டத்தை நூலோடு இணைக்கும் முச்சையைக் கட்டுபவன், காற்று முகத்தில் எந்தச் சாய்வில் அது நிற்கவேண்டும் என்பதை நிர்ணயிக்கிறான். சாய்வு மிகுந்தால் பட்டம் இழுவைக்கு அகப்பட்டுத் தள்ளாடும், குறைந்தால் தலைகுப்புற விழும். மாதிரி விமானம் செய்பவனும், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு தள்ளி எடையின் மையம் விழுகிறதா என்று, இரண்டு விரல் நுனிகளில் விமானத்தை ஏந்திச் சோதிப்பது இதே காரணத்துக்காகத்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உருவம் ஒன்றும் உண்டு. தேசிய மாணவர் படையான என்.சி.சி.யின் விமானப் பிரிவு மாணவர்கள் நெடுங்காலமாகப் பழகிவரும் கம்பி விமானம், இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளால் கைப்பிடியில் பிணைக்கப்பட்டு, நடுவில் நின்று தானும் சுழலும் மாணவனைச் சுற்றி வட்டமிடும். மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்தால் அது ஏறும், இறங்கும். பட்டத்தின் நூல் கம்பியாக மாறியது. பின்னர் அக்கம்பியும் போய், கண்ணுக்குத் தெரியாத வானொலி அலை அதன் ஸ்தானத்தை ஏற்றது.

வல்வெட்டித்துறையில் இக்கலை இவ்வளவு செழித்ததற்குக் காரணம் கடல் என்பது என் துணிபு. கப்பல் கட்டியும் பாயேற்றிக் கடலோடியும் வாழ்ந்த ஊர் அது. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கிப் புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்ற, அது இயந்திரத் துணையின்றிச் சமுத்திரங்களைக் கடந்து 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது என்பது சரித்திரம். பாயில் காற்று எங்கே தங்கும், எங்கே வழியும், எந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும், எது நழுவும் என்று பரம்பரையாக அறிந்த கைகளுக்கு, மூங்கிலைப் பிளந்து சீவி, இரு புறமும் எடை ஒத்திருக்கிறதா என்று நடுவில் தொங்கவிட்டுப் பார்த்து, கனத்த பக்கத்தை மட்டும் மீண்டும் சீவுவது புதிய வேலையாக இருந்திராது. எட்டுமூலைப் பட்டம், கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம் என்று அங்கே வகைகள் பல. பட்டத்தின் தலைப்பில் வில்போல் வளைத்த சட்டத்தில் மெல்லிய நாரை இழுத்துக் கட்டுவதற்கு விண் பூட்டுதல் என்று பெயர். காற்று அதன்மேல் ஓடும்போது எழும் கூவல் ஊருக்கெல்லாம் கேட்கும். இரவிலும் இறக்காமல், நூலை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, விண் கூவக் கேட்டபடி உறங்கப்போவது யாழ்ப்பாணத்தில் வழக்கம்.

பெரும்பட்டம் ஒருவன் கைக்கு அடங்குவதன்று. ஒரு குழுவே வேண்டும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் நடந்த சம்பவத்தைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பார்கள். கனத்த கயிற்றைப் பலர் சேர்ந்து பிடித்துப் பெரும்பட்டமொன்றை ஏற்றிக்கொண்டிருக்கையில், மற்றவர்கள் பிடி விட்டுவிட, விடாமற் பற்றியிருந்த இளைஞர் ஒருவர் கயிற்றோடு ஆகாயத்தில் தூக்கப்பட்டு, ஏறத்தாழ 30 அடி உயரத்தில் ஊசலாடி, தோழர்களின் கூக்குரலிடையே பட்டம் தாழ்ந்தபோது கீழே விழுந்து உயிர்தப்பினார். உலகம் அதை வேடிக்கையாகப் பார்த்தது. எனக்கோ அது, அந்தப் பட்டத்தின் வலுவுக்கும், ஒரு குழுவின் கைகள் ஒருமித்து நிற்கவேண்டியதன் அவசியத்துக்கும் பிரத்தியட்ச சாட்சியாகப்பட்டது.

இந்தியத் தமிழகத்தில் பட்டக்கலை வேறு வழியில் போயிற்று. சென்னையில் கண்ணாடித் தூளும் பசையும் தோய்த்த மாஞ்சா நூலே பட்டத்தைவிடப் பெரிதாகி, வீதியில் இரு சக்கர வாகனத்தில் போவோரின் கழுத்தை அறுத்து உயிர்களைக் குடித்தபின், காவல்துறை தடைவிதிக்கும் நிலை வந்தது. 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் நாடு முழுவதற்கும் செயற்கை இழை மாஞ்சாவைத் தடைசெய்தது. தடை நியாயமானதே. ஆனால் அறுப்பதொன்றையே லட்சியமாகக் கொண்ட விளையாட்டில், பட்டத்தைச் செய்யும் சாமர்த்தியம் வளர இடமிருக்கவில்லை. கடையில் வாங்கிய சதுரக் காகிதமே போதுமானதாக இருந்தது.

நம் நாட்டில் பறக்கும் பொருளைத் தானே செய்யும் கலை பட்டத்தில் தங்காமல், சீருடைக்குள்ளும் கல்லூரிக்குள்ளும் புகுந்துகொண்டது. 1948இல் தோன்றிய என்.சி.சி.க்கு 1950இல் விமானப் பிரிவு ஏற்பட்டது. அதன் பாடத்திட்டத்தில் மாதிரி விமானம் அமைத்தல் ஓர் அங்கம். ஆண்டுதோறும் கூடும் அகில இந்திய வாயு சைனிக் முகாமில் மாநிலங்களின் மாணவர்கள் இதிலே போட்டியிடுகிறார்கள். பால்சா மரத்துண்டைக் கத்தியால் செதுக்கத் தொடங்கிய பையன், பொறியியற் கல்லூரிக்குப் போய், எடை சுமந்து பறக்கும் விமானத்தை வடிவமைத்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற நிறுவனத்திலோ பெங்களூரின் ஆராய்ச்சிக் கூடங்களிலோ சேர்வதற்குப் படிகள் இருக்கின்றன. இப்படிக்கட்டு வல்வெட்டித்துறை இளைஞனுக்கு இல்லை. கடற்கரையில் பரிசுபெற்ற பட்டத்தைக் கட்டியவனுடைய அறிவை வானூர்தி விஞ்ஞானமாக வளர்த்தெடுக்கும் பள்ளியொன்று அவன் ஊரில் இல்லாதது, இலங்கைக்கே நஷ்டம் என்று எண்ணுகிறேன்.

கொங்கு நாட்டுக்கு வருவோம். வல்வெட்டித்துறைக்குக் கடல் எப்படியோ, கோவைக்குப் பட்டறை அப்படி. பஞ்சாலையும் பம்பு மோட்டாரும் கடைசல் இயந்திரமும் வளர்த்த ஊர், கண்டுபிடிப்பாளர் ஜி. டி. நாயுடு பிறந்து உழைத்த மண். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுபவரின் மகனுக்கு, மாதிரி விமானத்தின் சின்னஞ்சிறு மின்மோட்டார் அந்நியப் பொருளன்று. முன்னாளில் இவ்விமானங்களை ஓட்டிய சிறு எஞ்சின்களுக்கு மெதனாலோடு ஆமணக்கெண்ணெயைக் கலந்து எரிபொருளாக்குவார்கள். மானாவாரிக் காட்டில் விளையும் ஆமணக்கு, அந்த எஞ்சினுக்கு உயவெண்ணெயாகி ஆகாயமேறியது. வான்படையின் சூலூர்த் தளமும் அருகிலேயே உள்ளது. தேஜஸ் போர்விமானங்களும், சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழுவும் அங்கிருந்து எழும்புகின்றன. விமான இரைச்சல் கேட்டே வளரும் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்காமல் இருப்பார்களா?

மாதிரி விமானக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டங்களில் என் கவனத்தை மிகவும் கவர்வது, பறப்பதற்கு முந்திய கால்மணி நேரம். தெர்மாகோல் உடலுக்குள் லித்தியம் பேட்டரியை வைத்துப் பட்டையால் இறுக்கி, முதலில் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரையும், அதன் பிறகே விமானத்தையும் உயிர்ப்பிக்கிறார்கள்; இந்த வரிசை மாறினால் மோட்டார் தன்னிச்சையாகச் சுழன்று விரலைப் பதம்பார்த்துவிடும் அபாயமுண்டு. பின்னர் குச்சியை இடம் தள்ளினால் சுக்கான் இடம் போகிறதா, இழுத்தால் வால்தட்டு மேலெழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒருவர் விமானத்தைப் பிடித்திருக்க மற்றவர் டிரான்ஸ்மிட்டரோடு தூரமாக நடந்து, அலை அறாமல் எட்டுகிறதா என்று சோதிக்கிறார். பிறகுதான் காற்றுக்கு எதிர்முகமாக ஓட்டம். “மூக்கத் தூக்காத கண்ணு, காத்து அதுவா ஏத்தும்” என்று மூத்தவர் புதியவனுக்குச் சொல்வதில் பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயமே அடங்கியிருக்கிறது. மூக்கு அளவுக்குமேல் நிமிர்ந்தால் இறக்கையின்மேல் ஓடும் காற்று பிரிந்து, தூக்குவிசை அற்று, விமானம் கல்லாய் விழும்.

காற்று விஷயத்தில் இரு பிரதேசங்களும் எதிரெதிரானவை. யாழ்ப்பாணத்துப் பட்டத்துக்கு வாடை வலுத்து வீசவேண்டும். கொங்கிலோ, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் ஆடிக் காற்று, காற்றாலைகளுக்கு வரமாயினும் மாதிரி விமானத்துக்குச் சாபம். தை, மாசியின் அமைதியான காலைகளே இங்கு உகந்தவை.

சட்டம் இரு நாட்டிலும் குறுக்கிட்டிருக்கிறது. இலங்கையில் 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளை அடுத்து, ஆளில்லா வானூர்திகள் அனைத்தையும் பறக்கவிடுவதற்கு அந்நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை தற்காலிகத் தடை விதித்தது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு மேற்படாது, கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்பார்வைக்குள் இயக்கப்படும் மாதிரி விமானத்துக்கு வகைச்சான்று தேவையில்லை என்று சலுகை தந்து, பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை அனுமதிக்கின்றன. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். அன்னூர் கோவை விமான நிலையத்திலிருந்து இந்தப் 12 கிலோமீட்டருக்கு வெகு அப்பாலுள்ளது. ஆயினும் படைத்தளமுள்ள ஜில்லாவாகையால், பறக்கவிடுமுன் மண்டல வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது கடமை.

சட்டமும் இடமும் கருவியும் கைத்திறனும் நம்மிடம் இருந்தும், நம்மிடம் இல்லாதது ஒன்றுண்டு, அதுதான் ஊர். கல்லூரிப் போட்டியில், மதிப்பெண் தாளோடு நிற்கும் ஆசிரியர்களின் முன்னே ஒரு விமானம் பறந்து இறங்குகிறது. அதைச் செய்தவனுடைய தாய் அதைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமோ வெயில் ஏறுமுன் கலைந்து காரில் ஏறிவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் வேலிக்கப்பால் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். வல்வெட்டித்துறையில் சென்ற தையில் தோற்ற பட்டத்தின் குறை ஊருக்கே தெரியும். ஆகவே அடுத்த தைக்குள் அதைத் திருத்தும் கடமை கட்டியவனுக்கு வந்துவிடுகிறது. உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தபின், அவ்வளவையும் இழந்த ஒரு கரையில், ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து ஆகாயத்தைப் பார்க்கவைத்த கலை அது. படிப்பில் நாம் அவர்களுக்கு முன்னால் நிற்கிறோம். கலையை ஜனங்களின் உடைமையாக்குவதில் அவர்கள் நமக்கு வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள்.

ஆகவே கோவையின் மாதிரி விமானக் குழுக்களுக்கும் அன்னூர்ப் பேரூராட்சிக்கும் என் வேண்டுகோள் இது: பொங்கலை ஒட்டிய பூப்பறிக்கும் நோன்பு முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், மின்கம்பி குறுக்கிடாத ஓர் அறுவடைக் காட்டை உரியவரிடம் கேட்டுப் பெற்று, பார்வையாளர் நிற்குமிடத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, காவல்நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, சுற்றுப்புறப் பள்ளிகளின் பிள்ளைகளைப் பெற்றோரோடு அழையுங்கள். எந்த விமானமும் கடையில் வாங்கியதாக இல்லாமல் கையால் செய்ததாக இருக்கட்டும். செய்தவரே அருகில் நின்று பிள்ளைகளுக்கு விளக்கட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பட்டம் கட்டும் குழுவொன்றையும் விருந்தினராக வரவழைத்தால், இங்குள்ள பிள்ளைகள் முச்சை கட்டக் கற்பார்கள், அங்குள்ளவர்கள் சுக்கான் பிடிக்கக் கற்பார்கள். வரும் தைக்கே இதைத் தொடங்கலாம்.