ராஜியின் சூலம்

விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிடுவது ஆசிரியர்களாகிய நமக்குப் பழகிப்போன காரியம். ஒருகாலத்தில் காமன் கூத்தையும் படித்தவர்கள் அவ்வாறுதான் ஒதுக்கினர். ஆனால் பசறை வீதித் தோட்டங்களின் லயங்களிலே, கைத்தொலைபேசித் திரையில் ஒரு வேடமேனும் பூணாத பையனை இன்று காண்பது அரிது. அவ்வேடங்களிற் பெரும்பாலானவை அந்நிய நாட்டுக் கற்பனைகளிற் பிறந்தவை. ஆகவே, புனே நகரின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2020 இல் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்ற கணினி விளையாட்டை நண்பர் ஒருவரின் வீட்டில் ஆவலுடன் ஆடிப் பார்த்தோம்.

இதன் நாயகி அரசகுமாரியல்லள். வித்தைகாட்டிப் பிழைக்கும் அநாதைப் பெண். ரட்சா பந்தன் நாளில் அசுரர் நகருட் புகுந்து பிள்ளைகளைக் கவர்ந்து செல்ல, அவர்களுள் ஒருவனான தம்பி கோலுவைத் தேடி அவள் புறப்படுகிறாள். கம்பத்தில் ஏறுவதும் சுவரில் ஓடித் தாவுவதும் வயிற்றுப்பாட்டுக்காக அவள் கற்ற தொழில். அத்தொழிலே போரில் அவளுக்குக் கைகொடுக்கிறது. உழைப்பின் திறன் வீரமாக மாறும் இந்த இடத்திலேதான் படைப்பாளிகளின் உண்மையான கலைவன்மையை நாம் காண்கிறோம். ராஜஸ்தானக் கோட்டைகளும், பஹாரி ஓவியத்தின் வண்ணங்களும், நிழற்பாவைகளாய் விரியும் கதைக் காட்சிகளும் கண்ணை விட்டகலா.

எனினும், அவளது படைக்கலங்கள் யாவும் அருளாக இறங்கி வருபவை. துர்க்கை சூலம் தருகிறாள். விஷ்ணு வில் தருகிறார். அவ்விருவருமே மேலிருந்து கதையையும் சொல்கின்றனர். உழைத்துக் கற்றவளின் கதை வரம் பெற்றவளின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. பகைவனின் பெயர் மகாபலாசுரன். மாவலி மன்னனை ஆண்டுதோறும் வாசலில் கோலமிட்டு வரவேற்கும் கேரள மக்களுக்கு அப்பெயர் சற்று உறுத்தாதோ? பழைய போரில் தோற்றவர் பழிதீர்க்க வந்தனர் என்பதற்கு அப்பால் அசுரர் பக்க நியாயம் எதுவும் ஆராயப்படவில்லை. ஒரேவிதமான சண்டைகள் மீண்டும் மீண்டும் வந்து சலிப்பூட்டுவதையும், நான்கைந்து மணி நேரத்திற் கதை பாதியில் அறுந்துபோவதையும் சிறு முதலீட்டின் விளைவென்று பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க இயலாதது வேறொன்று. நமது தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டதுண்டு. தரகர் வருவார், கொழும்பில் நல்ல வீடு என்பார், கடன்பட்ட தாய் தலையசைப்பாள், அடுத்த மாதம் வகுப்பில் ஓர் இடம் வெறுமையாகும். அத்தரகருக்குக் கொம்பும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை. அவரைச் சூலத்தால் வீழ்த்திவிடவும் முடியாது.

மாசியிலே காமன் எரிந்ததும் ரதி புலம்புவாள். ரதி வேடமிட்டவன் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அன்றாடம் காணும் ஆண்மகன்தான் என்பதை மறந்து, லயத்துப் பெண்கள் தத்தம் இழப்புக்களை எண்ணி அவனுடன் சேர்ந்து அழுவர். அங்கே வேடம் ஒருவனுடையது; துயரமோ தோட்டத்தினுடையது. ராஜியோ ஆளரவமற்ற மாளிகைகளில் தனித்தே ஓடுகிறாள்.

இவ்விளையாட்டைப் பற்றி ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் எடுத்துச் சொன்னோம். சூலத்தைப் பற்றியும் அசுரரைப் பற்றியும் பையன்கள் மாறி மாறிக் கேட்டார்கள். பின்வாங்கிலிருந்த மாணவியொருத்தி மட்டும் எழுந்து, "மத்தப் பிள்ளைகளோட அம்மாமாரெல்லாம் எங்க சேர்?" என்றாள்.

நாம் ஆடிய வரையில் அவர்களை எங்கும் காணவில்லை.