வீரவேடத்தின் நிலைபேறு: வன்னிக் களரியை முன்வைத்து ஒரு நோக்கு

வீரன் ஒருவன் மக்கள் மனத்தில் நெடுங்காலம் நிலைத்து வாழ்வதற்கு அவன் ஆற்றிய செயல்களே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுவதுண்டு. கதைகளை ஆராய்வோர் செயலையும் பண்பையும் விரிவாக நோக்குவர். உடையை நோக்குவது அரிது. அது ஒப்பனைக்காரருக்குரிய விடயமென ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. ஆயினும் சுவைஞரது நடத்தையைக் கூர்ந்து அவதானிப்போருக்கு வேறோர் உண்மை புலனாகும். கதை மாறுகின்றது, அதனைச் சொல்லும் ஊடகம் மாறுகின்றது, நடிகனும் மாறுகின்றான். உடை மட்டும் இலேசில் மாற இடங்கொடுப்பதில்லை.

1938ஆம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக்கதை இதழொன்றில் தோன்றிய சுப்பர்மான் இதற்குத் தக்க சான்றாவான். நீல உடையும் செந்நிற மேலாடையும் நீல உடையின் மேலேயே அணிந்த செந்நிறக் குறுங்காற்சட்டையும் அவனுக்குரியன. அக்காலச் சர்க்கஸ் பலசாலிகளின் கோலத்தைத் தழுவி அமைந்தது இவ்வுடை. 2011இல் வெளியீட்டாளர் அக்குறுங்காற்சட்டையை நீக்கிவிட்டனர். கதைக்கு அதனால் யாதொரு குறையும் நேரவில்லை. எனினும் சுவைஞர் பலர் அதனை ஏற்கவில்லை. 2018இல் ஆயிரமாவது இதழ் வெளிவந்தபோது அது மீண்டும் இடம்பிடித்தது. மாந்தர் எள்ளி நகையாடிய ஒரு துணித்துண்டுக்காக இத்துணைப் பிடிவாதம் ஏன் என்ற வினா அற்பமானதன்று.

இதனை மேலைநாட்டு வணிகப் பண்பாடு விளைத்த பித்து எனக் கூறி ஒதுக்குவோர் உளர். வணிகம் அப்பித்தை வளர்த்தது என்பது மெய்யே. அதுவே அதனைப் பிறப்பித்தது எனல் பொருந்தாது. அச்சு வணிகமோ திரைப்பட வணிகமோ எட்டிப்பாராத கூத்துக் களரிகளிலும் இதே பற்று நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. அதனைக் காண்பதற்கு வன்னிப் பெருநிலப்பரப்பு ஏற்ற களமாகும்.

கிளிநொச்சி மாவட்டத்தில், அக்கராயனை அண்டி அமைந்துள்ள ஸ்கந்தபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். குளங்களை நம்பிக் காடழித்து வயலாக்கிய நிலப்பகுதி இது. இப்பகுதிக் குடியேற்றங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தோர் வாழ்கின்றனர். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர், மலையகத்திலிருந்து வேரறுந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் மாவட்டத்தின் பல இடங்களிற் குடியேறின. வந்தோர் தத்தம் கூத்துக்களையும் உடன் கொணர்ந்தனர். குடாநாட்டார்க்கு அது காத்தவராயன் கூத்து. மலையகத்தார்க்குக் காமன் கூத்து. கிழக்கே முல்லைத்தீவிலோ கோவலன் கூத்து முன்னரே வேரூன்றி நின்றது. நெல் விதைத்து மண்வெட்டி பிடிக்கும் கமக்காரன், ஓரிரவு முடிதரித்து இவற்றில் ஆடுகின்றான்.

இவற்றுட் காத்தவராயன் கூத்து ஈண்டு விரிவாக நோக்கற்பாலது. சிந்துநடைக் கூத்து என வழங்கும் இது மாரியம்மனோடு தொடர்புடையது, நேர்த்திக்கடனாகவும் ஆடப்படுவது. தெய்வப் பிறப்புடைய காத்தவராயன், அந்தணர் குலத்து ஆரியமாலைமீது காதல்கொண்டு, அதன் பொருட்டுக் கழுவேறுகின்றான். இக்கூத்தில் காத்தானாக ஒருவரே விடியும்வரை ஆடுவதில்லை. பாலகனாக ஒருவர், இளைஞனாக ஒருவர், கழுமரத்தை நோக்கி நடப்பவராக இன்னொருவர் எனப் பலர் ஒரே பாத்திரத்தைத் தாங்குவர். உடற்கட்டு வேறு, குரல் வேறு, சிலவேளை முகமும் சற்றேனும் ஒவ்வாது. சபை குழம்புவதில்லை. வேடமும், காலில் எழும் துள்ளுநடையும், பாட்டின் மெட்டும் தொடர்கின்றன. ஆகவே காத்தானும் தொடர்கின்றான். பாத்திரத்தின் உயிர் நடிகனின் உடலிற் குடியிருக்கவில்லை, வேடத்திலேயே குடியிருக்கின்றது என்பதைக் கூத்துச் சபை நூல்களிற் பயிலாமலேயே அறிந்திருக்கின்றது.

இதே கருத்தை 1936இல் லீ ஃபோக் படைத்த முகமூடி வீரன் கதையிற் காணலாம். தமிழ் வாசகர் வேதாளர் என்றும் மாயாவி என்றும் அறிந்தவன் அவன். தந்தை இறக்க மகன் அதே உடையை அணிகின்றான். இருபத்தொரு தலைமுறையாக உடை ஒன்றே, அணிவோர் பலர். அதனாற் கானகத்தார் அவனைச் சாவில்லாதவன் என நம்புகின்றனர். லீ ஃபோக் ஈழத்துக் களரியைக் கண்டிருக்க மாட்டார். ஆயினும் வேடத்தின் இயல்பை ஆழ்ந்து சிந்தித்தவர் எவரும் இம்முடிவையே அடைவர் போலும்.

காத்தவராயன் கதையில் இன்னுமொரு நுட்பமுண்டு. ஆரியமாலையை அடைய முயலும் காத்தான் வளையற் செட்டியாக மாறுவேடம் பூணுகின்றான். வேடமிட்ட ஒருவன் அவ்வேடத்தின் மேல் இன்னொரு வேடமிடும் இக்கட்டத்தைச் சபை மிகவும் இரசிக்கின்றது. வளையல் விற்க வருபவன் உண்மையில் யார் என்பது சபைக்குத் தெரியும், கதைமாந்தர்க்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி அணிந்த பத்திரிகை நிருபனுள் சுப்பர்மான் மறைந்திருப்பதும் இவ்வகையினதே. எளியவன் எனத் தோன்றுபவனுள் பெரியவன் ஒருவன் ஒளிந்துள்ளான் என்ற எண்ணம் யாருக்கு இனிக்கும்? தம்மை உலகம் எளியவராக மட்டும் காண்பதாக உணர்வோர்க்கே இனிக்கும். தோட்டத்து லயங்களிலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தோர் காமன் கூத்தை விடாது பற்றி நின்றமையை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசின் முன் தலைகுனிந்து நின்றவரின் குலத்தான், அக்கூத்தில் மன்மதனாகின்றான், இரதியும் ஆண்மகனே. வண்ணம் பூசிய முகத்துடன் அவர்கள் வருகையில் ஊரே வணங்குகின்றது.

இங்கேதான் விமர்சகரிடையே நெடுநாளாக நிலவும் ஒரு மனப்பாங்கு மறுபரிசீலனைக்கு உரியதாகின்றது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றி, கூத்துக்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்புத் தேடித்தந்தார். இப்பணியின் பெருமை மறுக்கற்பாலதன்று. விடியும்வரை ஆடப்பட்டது சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. உடை, ஒப்பனைகளும் அம்மேடைக்கேற்பத் திருத்தம் பெற்றன. கற்றோர் சபைக்கு இவை தேவையாயிருந்தன. ஆனால் இதனைத் தொடர்ந்து எழுதிய சிலர், கிராமத்து உடையின் பாரமும் பளபளப்பும் இரசனைக் குறைவின் அடையாளங்கள் என முடிவுகட்டினர். அம்முடிவு ஏற்கத்தக்கதன்று. வடமோடி அரசனின் கரப்புடுப்பு, கோழி கவிழ்க்கும் கரப்புப்போல இடையிலிருந்து விரிந்து நிற்பது. சுழன்றாடும்போது அரசனின் எல்லையை அதுவே வகுத்துக் காட்டுகின்றது. கண்ணாடித் துண்டுகள் பதித்த முடியும் புயக்கிரீடமும், தீப்பந்தமும் எண்ணெய் விளக்கும் மட்டும் இருந்த காலத்தில், தொலைவிலிருந்தோர் கண்ணுக்கும் வீரனைக் காட்டின. பளபளப்பு இங்கு ஆடம்பரமன்று, தேவை. மின்னொளியின் கீழ் அதே முடி கண்ணைக் கூசவைப்பின் குறை முடியிலா, விளக்கிலா? 

வேடத்தின் மீதான பற்று நிலைத்திருப்பதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றுண்டு. வீரனது ஆற்றலைச் சுவைஞன் பெறவியலாது. பறத்தலும் கழுவேறி மீளலும் அவனுக்குக் கைகூடா. உடையை மட்டும் அவன் அணியலாம். அவ்வொரு வாயிலே அவனுக்குத் திறந்துள்ளது. 1939இல் நியூயோர்க்கில் அறிவியற் புனைகதை வாசகரின் முதலாவது உலக மாநாடு கூடியபோது, பொறெஸ்ற் அக்கர்மன், மேர்ட்டில் டக்ளஸ் என்னும் இருவர் வருங்கால மனிதரின் உடையணிந்து சென்றனர். அவ்வுடைகளைத் தைத்தவர் மேர்ட்டில் டக்ளசே. இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் திரளும் வேடவிழாக்களுக்கு அத்தையலே தொடக்கமாகக் கூறப்படுகின்றது. கூத்து முடிந்த மறுநாள் பலாவிலைகளை ஈர்க்கினாற் கோத்து முடிசெய்து, மட்டையை வாளாக ஏந்தி ஓடும் வன்னிச் சிறுவனும் அதே வாயிலால் நுழைபவன்தான்.

தமிழ்த் திரைப்படம் இதனை நன்கறிந்து பயன்படுத்தியது. எம். ஜி. இராமச்சந்திரன் 1958இல் இயக்கி நடித்த ‘நாடோடி மன்னன்’ படத்தில், குடிமகனான வீராங்கன் மன்னன் மார்த்தாண்டனின் உடையணிந்து அரசாள்கின்றான். பாமரன் அரச உடை தரித்தால் அரசு எவ்வாறிருக்கும் என்பதே அப்படத்தின் கவர்ச்சி. பிற்காலத்தில் அவர் அணிந்த வெண்ணிறத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தனி வேடமாகவே ஆகிவிட்டன. 1987இல் அவர் மறைந்த பின்னரும், தமிழ்நாட்டுக் கூட்டங்களில் அவ்விரண்டையும் அணிந்து கையசைப்போரைக் காணலாம். காத்தானைப் போலவே அங்கும் நடிகர் மாறினர், வேடம் தொடர்கின்றது. வேறுபாடு யாதெனில், கூத்து வேடம் ஊருக்குச் சொந்தம். தொப்பியும் கண்ணாடியும் வாக்குக் கேட்கவும் பயன்பட்டன. வேடத்தின் மீதான பற்று எப்போதும் தீங்கற்றது எனக் கொள்வது பேதைமை.

வன்னியைப் பொறுத்தவரை இவ்வெச்சரிக்கை வெறும் ஏட்டுக் கருத்தன்று. 1996இல் கிளிநொச்சி நகரைப் படையினர் கைப்பற்றியபோது மக்கள் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவி முதலிய இடங்களிற் செறிந்தனர். அவ்வாண்டுகளில் வீரனின் உடை என்பது மேடைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கூத்தில் ஏறியவன் விடிந்ததும் முடியைக் கழற்றிவைத்து, அரிதாரத்தைக் கழுவி, வயலுக்குச் செல்கின்றான். கழுவேறிய காத்தான் தேநீர் அருந்துகின்றான். போர்க்காலத்துச் சீருடையை அவ்வாறு களைந்துவிட்டு வீடு திரும்ப இளையோர் பலருக்கு இயலவில்லை; சிலர் அதனை விரும்பியும் அணிந்தாரல்லர். வீரவேடம் எத்துணைப் பாரமாயினும், அதனைக் கழற்றிவைக்க ஒரு விடியல் உண்டு என்பதிலேயே அதன் இன்பம் தங்கியுள்ளது. அவ்விடியல் மறுக்கப்பட்ட சமூகம் கூத்தை நோக்கும் முறையும், வேடவிழாவிற் களித்து மறுநாட் பணிமனைக்குச் செல்லும் நகரத்தார் நோக்கும் முறையும் ஒன்றாயிருத்தல் இயலாது.

2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊர்கள் அனைத்தும் பெயர்ந்தபோது கைவிடப்பட்ட உடைமைகளுட் கூத்துடைகளும் அடங்கும். மீளக் குடியேறியோர் வீட்டுக் கூரையோடும் கிணற்றோடும் தொடங்க வேண்டியவராயினர். அந்நிலையிலும் காத்தான் கூத்து வன்னியில் மீண்டும் களரி ஏறியது. பழைய உடை இல்லாதவிடத்து வாடகை உடை வந்தது. மரத்தால் அமைந்த முடியின் இடத்தை மட்டையும் மினுங்குதாளும் பிடித்தன. மூலப்பொருள் தரங்குறைந்ததென வருந்தலாம். ஆயின் வேடம் என்பது பொருளன்று, வடிவம். முடியின் கூம்பும் புயத்தின் வளைவும் அவ்வாறே இருக்கும்வரை, சபை அதனைத் தன் முடியென்றே ஏற்றுக்கொள்கின்றது.

இவ்விடத்துப் பண்டாரவன்னியன் பற்றியும் குறிப்பிடுதல் தகும். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றி, அவ்வாண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோல்வியுற்ற அவ்வன்னியனைக் கண்டு வரைந்த ஓவியம் ஏதும் கிடைத்திலது. முல்லைமணி முதலியோர் அவனை நாடகத்தில் வாழவைத்தனர். சிலையிலும் மேடையிலும் இன்று காணப்படும் முடி, முறுக்கிய மீசை, வாள், பட்டாடை ஆகிய கோலம் வரலாற்றிலிருந்து வந்ததன்று. கூத்திலிருந்தும் இசைநாடகத்து இராசபாட்டிலிருந்தும் திரைப்படத்திலிருந்தும் வந்தது. காட்டுப்புறத் தலைவன் ஒருவன் அத்துணைப் பட்டு அணிந்திருப்பானா என வரலாற்றாசிரியர் ஐயுறுவது நியாயமே. எனினும் அக்கோலமின்றி அவனை அடையாளங்காண இன்று எவராலும் இயலாது.

ஆண்டுதோறும் முன்பள்ளி விளையாட்டு விழாக்களில் நடைபெறும் வினோதவுடை நிகழ்ச்சியில் இருவகை வீரரும் அருகருகே நடப்பர். சிலந்தி மனிதனின் செந்நிற உடை கடையிலே தைத்தபடி கிடைக்கின்றது. அளவு பார்த்து வாங்கினாற் போதும். பண்டாரவன்னியனின் உடை அவ்வாறு கிடைப்பதில்லை. முதல்நாள் இரவு தாய் மட்டையை வெட்டி, பொன்னிறத் தாள் ஒட்டி, தன் பழைய சேலையொன்றைக் கச்சையாக்கி, கண்மையால் மீசை வரைகின்றாள். ஒவ்வொரு வீட்டிலும் முடி சற்றே வேறுபட்டு அமைகின்றது. மறுநாள் வெயிலில் மீசை கரைந்து கன்னத்தில் வழிந்தாலும், சபையிலுள்ளோர் அவனை வன்னியன் என்றே அழைக்கின்றனர்.