வராதவனை எங்கே நிறுத்துவது?

மார்ச் மாதத்தில் 'வடக்கின் பெரும் சமர்' நெருங்கும்போது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பரியோவான் கல்லூரியிலும் நாற்காலிகள் முற்றத்துக்கு வந்துவிடும். 1904இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி. அணிப் படத்தின் அமைப்பும் அந்தக் காலத்துடையதே. நடுவில் அதிபர், அருகில் அணித்தலைவர், உபதலைவர், பொறுப்பாசிரியர், பயிற்றுநர். எல்லாருக்கும் கோட்டு, டை. பின்வரிசையில் உயரம் பார்த்து நிற்பார்கள். படத்தின் அடியில் இடமிருந்து வலமாகப் பெயர்கள் வரும். கடைசியில் ஒரு சிறு வரி: 'சமுகமளிக்காதோர்'. படத்தில் முகம் இல்லாதவனுக்கும் அங்கே பெயர் உண்டு.

மும்பையின் தாராவிக்கு வருவோம். 90 அடி சாலைப் பக்கம் டென்னிஸ் பந்தில் ஆடும் நம் பையன்களை ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சேர்ப்பது பெரும்பாடு. ஒருவனுக்கு ஷிப்டு, ஒருவன் கோயில் கொடைக்கு நெல்லை போயிருப்பான். பதினோரு பேர் வரிசையாக நிற்கத் தோதான வெற்றிடமும் அங்கே அரிது. ஆகவே ஒவ்வொருவனும் கைகட்டித் தனியாகப் போனில் படம் எடுத்து அனுப்புகிறான். குழுவை உண்டாக்குவது ஃப்ளெக்ஸ் கடைக்காரர்தான். பின்னணியை வெட்டி, கேப்டனைப் பெரிதாக்கி, மேலே வட்டாரத் தலைவரின் புன்னகையை வைத்து முடித்துவிடுவார். வராதவனுக்குப் பழைய படம் போதும். ஒருவன் முகத்தில் வெயில் இடப்பக்கம் விழும், அடுத்தவனுக்கு வலப்பக்கம். இரண்டு சூரியன்கள் உள்ள மைதானம்! சிரிப்பு வரும், ஆனால் யாரும் விடுபடவில்லை என்பதும் உண்மை.

இதை இலங்கைக்கும் இந்தியாவுக்குமான வேறுபாடு என்று நான் சொல்லமாட்டேன். மாட்டுங்கா, செம்பூர்ப் பள்ளிகளும் ஜிம்கானாக்களும் நாற்காலி முறையைத்தான் பின்பற்றுகின்றன. 1977இல் ரவி சாஸ்திரி தலைமையில் மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளி, பள்ளிகளுக்கிடையிலான கைல்ஸ் ஷீல்டை வென்றது. கோப்பை கிடைத்தால் குழுப்படம் என்பது அத்தகைய பள்ளிகளின் பழக்கம். வேறுபாடு தனிப்படத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது சமர் மலருக்காக. முகத்துக்குக் கீழே அவன் எடுத்த ஓட்டங்களும் விக்கெட்டுகளும் வரும். மும்பைப் பள்ளிப் பையனுக்கோ முதல் தனிப்படம் வயதுச் சான்றோடு படிவத்தில் ஒட்டப்படுகிறது. அங்கே பெருமை, இங்கே சந்தேகம்.

நடு நாற்காலிக்கும் ஒரு வரலாறு உண்டு. பம்பாய் இந்துக்கள் அணியின் சுழற்பந்து வீரர் பல்வங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் முன்னணிப் பந்துவீச்சாளர். முன்னர் புனேயில் அவர் தீண்டாமையால் தனிக் கோப்பையில் தேநீர் குடிக்க வேண்டியிருந்தது. அவருக்குத் தராத இந்துக்கள் அணித் தலைமை 1923இல் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. அணிப் படத்தில் நடு இடம் தலைவனுக்கு என்பது வழக்கமானால், அந்த நாற்காலிக்கு அக்குடும்பம் எவ்வளவு காலம் காத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தலைவனையும் தள்ளி அதிபர் அமரும் யாழ்ப்பாண முறை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வெளிச்சத்தில் மும்பைக்கு யோகம். யாழ்ப்பாணத்து மார்ச் நடுப்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். தொப்பி நிழலில் கண்கள் காணாமல் போகும். காலை எட்டு மணிக்குள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டட நிழலுக்கு ஓட வேண்டும். மும்பையிலோ 1948இல் தொடங்கிய காங்கா லீக் மழைக்கால ஆட்டம். மேகம் மூடிய வானம் எல்லா முகத்திலும் ஒரே சீராக ஒளி தரும். வெள்ளைச் சட்டையில் சேறுதான் தொல்லை. படம் முதலில், ஆட்டம் பிறகு.

தாராவிக் குழுக்கள் நாற்காலி தேட வேண்டாம். தனிப்படங்களை ஒரே சுவர் நிழலில், ஒரே பக்க வெளிச்சத்தில் எடுக்கட்டும்; ஃப்ளெக்ஸ் கிழிவதற்குள் அதன் ஃபைலைக் கடையில் கேட்டு வாங்கி, அடியில் பெயர்களைச் சேர்க்கட்டும். ஒட்டப்பட்டவன் யார் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம், அவன் கோபித்துக்கொள்ளமாட்டான் என்றால்.